நோயாளியின் படுக்கையும் ஆராய்ச்சி மேஜையும்

மருத்துவ விஞ்ஞானிகளை உருவாக்குவதில் தோழமையின் பங்கு

நோயாளியின் அருகில் நின்று சிகிச்சை அளிப்பவர் மருத்துவர். நோயின் காரணத்தைச் சோதனைச் சாலையில் ஆராய்பவர் விஞ்ஞானி. இவ்விரு பணிகளையும் ஒருவரே மேற்கொள்ளும்போது அவரை மருத்துவ விஞ்ஞானி என்று அழைப்பது வழக்கம். காலையில் வார்டில் கண்ட புதிரை மாலையில் சோதனைச் சாலைக்கு எடுத்துச் செல்லவும், அங்கே தோன்றிய கருத்து நோயாளிக்குப் பயன்படுமா என்று மதிப்பிடவும் இத்தகையோரால் இயலும். இருபதாம் நூற்றாண்டில் மருத்துவம் கண்ட பெரும் முன்னேற்றங்கள் பலவற்றில் இவர்களுக்குப் பங்குண்டு.

ஆயினும் இவர்களின் தொகை மிகச் சிறியது. மருத்துவ ஆராய்ச்சிக்குப் பெரும் பொருள் செலவிடும் அமெரிக்க ஐக்கிய நாட்டிலேயே, ஆராய்ச்சியைத் தம் முக்கியப் பணியாகக் கொண்ட மருத்துவர்கள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை என்று 2014-ல் அந்நாட்டின் தேசிய சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட அறிக்கை தெரிவித்தது. பயிற்சிக் காலத்தின் நீளம், பொருளாதார நெருக்கடி, ஆராய்ச்சி மானியம் கிடைப்பதிலுள்ள சிரமம் ஆகியவை இதற்குரிய காரணங்களாக அடிக்கடி எடுத்துக் கூறப்படுகின்றன. இவற்றோடு மற்றொரு காரணமும் உண்டு. பயிற்சி பெறும் இளைஞரைப் பீடிக்கும் தனிமையே அது. அத்தனிமையைப் போக்கும் தோழமையைத் திட்டமிட்டு உருவாக்க முடியும் என்பதை அந்நாட்டின் அனுபவம் காட்டுகிறது.

இரட்டைப் பயிற்சியின் பாதை

மருத்துவப் பட்டத்தையும் ஆராய்ச்சிக்குரிய டாக்டர் பட்டத்தையும் ஒரே திட்டத்தில் அளிக்கும் முறை, அமெரிக்காவில் 1956-ல் கிளீவ்லாந்து நகரிலுள்ள வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக் கழகத்தில் தொடங்கிற்று. 1964-ல் தேசிய சுகாதார ஸ்தாபனம் இத்தகைய பயிற்சிக்குப் பொருளுதவி அளிக்க முன்வந்தது. தொடக்கத்தில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரி, நியூயார்க் பல்கலைக் கழகம், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக் கழகம் ஆகிய மூன்று நிலையங்களே அவ்வுதவியைப் பெற்றன. இன்று ஐம்பதுக்கு மேற்பட்ட நிலையங்கள் பெறுகின்றன.

இப்பயிற்சியின் வழக்கமான அமைப்பு பின்வருமாறு: மாணவர் முதல் இரண்டு ஆண்டுகள் மற்ற மருத்துவ மாணவர்களுடன் சேர்ந்து பயில்கிறார். பின்னர் அவர்களை விட்டுப் பிரிந்து மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை சோதனைச் சாலையில் ஆராய்ச்சி செய்கிறார். அது முடிந்தபின் மீண்டும் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, எஞ்சிய இரண்டு ஆண்டு மருத்துவக் கல்வியை முடிக்கிறார். ஆக மொத்தம் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் செல்கின்றன. இதன்பின் ஆஸ்பத்திரியில் உள்ளுறை மருத்துவராகவும், ஒரு தனித்துறையில் நிபுணராகவும் பயிற்சி பெறுவதற்கு மேலும் பல ஆண்டுகள் தேவை. சொந்தமாக ஆராய்ச்சி மானியம் பெற்று ஒரு சோதனைச் சாலையை நடத்தத் தொடங்கும்போது இவர்களில் பெரும்பாலோர் நாற்பது வயதைக் கடந்துவிடுகின்றனர்.

தனிமை தோன்றும் இடங்கள்

மேற்கூறிய பாதையில் இரண்டு எல்லைகள் உள்ளன. வார்டிலிருந்து சோதனைச் சாலைக்குச் செல்வது ஒன்று. அங்கிருந்து வார்டுக்குத் திரும்புவது மற்றொன்று. தனிமை இவ்விரு எல்லைகளிலும்தான் மிகுதியாகத் தோன்றுகிறது.

முதல் எல்லையைக் கடக்கும் மாணவர், நூற்றுக்கும் மேற்பட்டோர் அடங்கிய வகுப்பிலிருந்து மிகச் சிலருடன் வெளியேறுகிறார். அச்சிலரும் வெவ்வேறு சோதனைச் சாலைகளுக்குச் சென்றுவிடுகின்றனர். புதிய இடத்தில் உள்ளவர்களுக்கு இவர் மருத்துவத்திலிருந்து வந்த விருந்தினர். வார்டில் ஒரு நாள் உழைத்தால் நோயாளியின் நன்றியாவது அன்று மாலை கிட்டும். சோதனைச் சாலையிலோ பல மாதங்கள் உழைத்தும் ஒரு சோதனையேனும் பலிக்காமற் போகலாம். அத்தகைய தோல்வி ஆராய்ச்சியில் இயல்பானதே என்பதை எடுத்துச் சொல்ல அனுபவமுள்ள ஒருவர் அருகில் இல்லாவிட்டால், தமக்குத் திறமை இல்லை என்ற முடிவுக்கு இளைஞர் எளிதில் வந்துவிடுகிறார்.

இரண்டாவது எல்லை இதனினும் கடினமானது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் வார்டுக்குத் திரும்பும் மாணவர், தம்முடன் ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்தவர்கள் இப்போது பட்டம் பெற்ற மருத்துவர்களாகித் தமக்கு ஆணையிடும் நிலையில் இருப்பதைக் காண்கிறார். உடன் பயில்வோர் முன்பின் அறியாத இளையவர்கள். இருதய ஒலிகளைப் பிரித்தறியும் காதும், வயிற்றைத் தொட்டு ஈரலின் அளவை மதிப்பிடும் விரலும் பழக்கம் விட்டுப் போயிருக்கின்றன. ஆராய்ச்சியில் தேர்ந்தவர் என்று பெயர் பெற்றவர், இளநிலை மாணவர் அறிந்த மருந்தின் அளவைக்கூட நினைவுகூர இயலாமல் நிற்க நேரிடுகிறது. இழந்த பயிற்சி சில மாதங்களில் மீண்டும் கைவரும் என்பதை, அதே நிலையைக் கடந்து வந்தவர் சொன்னால்தான் அவர் மனம் நம்பும்.

இவ்வாறு சோர்வுற்று விலகுவோர் பெரும்பாலும் சப்தமின்றியே விலகுகின்றனர். எவரும் ராஜிநாமாக் கடிதம் எழுதுவதில்லை. ஆஸ்பத்திரிப் பயிற்சி முடிந்தபின் சோதனைச் சாலைக்குத் திரும்பி வராமல் இருந்துவிடுகின்றனர். அவர்கள் நல்ல மருத்துவர்களாகவே வாழ்கின்றனர். சமூகத்திற்கு அவர்களால் பயன் உண்டு. ஆனால் நோயாளியை நேரில் கண்ட ஒருவர் மட்டுமே எழுப்பக்கூடிய ஆராய்ச்சிக் கேள்விகள் எழுப்பப்படாமல் போகின்றன. நஷ்டம் அதுவே.

பெதஸ்டாவில் கூடிய இளைஞர்கள்

மேரிலாந்து மாகாணத்தில் பெதஸ்டா என்னும் ஊரில் தேசிய சுகாதார ஸ்தாபனத்தின் ஆராய்ச்சி ஆஸ்பத்திரி 1953-ல் திறக்கப்பட்டது. நோயாளிகளின் அறைகளும் சோதனைச் சாலைகளும் ஒரே கட்டடத்தில் ஒன்றையொன்று அடுத்து இருக்கும்படி அது அமைக்கப்பட்டது. நோயாளியைக் கண்டுவிட்டுச் சில அடிகள் நடந்தால் சோதனைச் சாலையை அடையலாம்.

அக்காலத்தில் அமெரிக்க மருத்துவர்களுக்குக் கட்டாய இராணுவ சேவை இருந்தது. பொதுச் சுகாதாரப் பணியில் அதிகாரிகளாகச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் பணியாற்றுவதும் அக்கடமையை நிறைவேற்றும் ஒரு வழியாக ஏற்கப்பட்டது. ஆகவே, வியட்நாம் யுத்தத்தின்போது நாட்டின் தலைசிறந்த இளம் மருத்துவர்கள் பலர் பெதஸ்டாவில் இடம் பெறுவதற்குக் கடும் போட்டியிட்டனர். இவர்களில் பெரும்பாலோர் அதுவரை ஆராய்ச்சியில் ஆழ்ந்த பயிற்சி பெற்றவர்கள் அல்லர்.

அவர்களின் குறையைப் போக்குவதில் மாலை வகுப்புகள் பெரிதும் துணை செய்தன. விஞ்ஞான உயர் கல்விக்கென 1959-ல் நிறுவப்பட்ட ஓர் அமைப்பின் வாயிலாக, ஸ்தாபனத்தின் விஞ்ஞானிகளே அங்கு மாலை நேரங்களில் பாடம் நடத்தினர். பகலில் நோயாளிகளைக் கவனித்த மருத்துவர்கள் மாலையில் மாணவர்களாக அமர்ந்தனர். அறியாதவர் எல்லாரும் ஒன்றாக அமர்ந்திருந்தமையால், அறியாமையை வெளியிட எவரும் வெட்கப்படவில்லை. அதுவே அந்த வகுப்புகளின் தனிச் சிறப்பு.

1968-ல் அங்கு வந்து சேர்ந்தவர்களுள் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன், ராபர்ட் லெஃப்கோவிட்ஸ், ஹெரால்ட் வார்மஸ் ஆகிய நால்வரும் இருந்தனர். வார்மஸ் மருத்துவம் பயிலுமுன் ஆங்கில இலக்கியத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றவர். இருதய நோய் மருத்துவராக வாழ எண்ணியிருந்த லெஃப்கோவிட்ஸின் சோதனைகள் ஓராண்டுக்கும் மேலாகத் தோல்வியிலேயே முடிந்தன. பிற்காலத்தில் பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் 1985-லும், வார்மஸ் 1989-லும், லெஃப்கோவிட்ஸ் 2012-லும் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றனர். நாட்டின் சிறந்த மாணவர்களைத் தேர்ந்தெடுத்ததே இதற்கு ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஒரே வயதினராய், ஒரே நிலையினராய், ஒரே இடத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள் சேர்ந்து இருந்தனர் என்பதும் கவனிக்கத்தக்கது.

இரு நண்பர்களும் ஒரு கேள்வியும்

தோழமை ஆராய்ச்சியாகக் கனிவது எவ்வாறு என்பதற்குப் பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவரின் வரலாறு நல்ல உதாரணம். 1966-ல் பாஸ்டன் நகரத்து மாஸசூஸெட்ஸ் பொது ஆஸ்பத்திரியில் பயிற்சி மருத்துவர்களாகச் சேர்ந்தபோது இவர்கள் நண்பர்களாயினர். பின்னர் இருவரும் பெதஸ்டாவுக்குச் சென்றனர். அங்கே கோல்ட்ஸ்டைன், டொனால்டு ஃபிரெடரிக்ஸன் என்ற நிபுணரின் நோயாளிகளைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றார். அந்நோயாளிகளில் சிலர், இரத்தத்தில் கொலஸ்டிரால் என்னும் கொழுப்புப் பொருள் பிறவியிலேயே பல மடங்கு மிகுந்து காணப்படும் அரிய நோய்க்கு ஆளானவர்கள். தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற ஜீனைப் பெற்ற குழந்தைகளுக்கு இந்நோய் மிகக் கொடிதாக வாய்க்கிறது. முதியோரைத் தாக்கும் மாரடைப்பு இக்குழந்தைகளைப் பள்ளிப் பருவத்திலேயே தாக்கக்கூடும்.

இந்நோயாளிகளைப் பற்றிக் கோல்ட்ஸ்டைன் தம் நண்பருடன் விவாதித்தார். பிரவுனோ அப்போது நொதிகளின் இரசாயனத்தைப் பயின்று கொண்டிருந்தார். ஒருவர் பரம்பரை நோய்களிலும் மற்றவர் உயிர் இரசாயனத்திலும் தேர்ச்சி பெற்று, டெக்ஸாஸ் மாகாணத்து டல்லாஸ் நகரில் ஒரே மருத்துவக் கல்லூரியில் மீண்டும் சேர்ந்தனர். நோயாளிகளின் தோலிலிருந்து எடுத்த உயிரணுக்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்து ஆராய்ந்தனர். கொலஸ்டிராலைச் சுமந்து செல்லும் ஒருவகைப் புரதத் துகள்களைச் சேர்த்ததும், ஆரோக்கியமான உயிரணுக்கள் தாமே கொலஸ்டிரால் செய்வதைக் குறைத்துக்கொண்டன. நோயாளியின் உயிரணுக்களோ குறைத்துக்கொள்ளவில்லை. அத்துகள்களைப் பற்றி உள்ளே கொண்டுசெல்லும் ஏற்பி ஒன்று உயிரணுவின் மேற்பரப்பில் உண்டு என்பதும், இந்நோயில் அதுவே பழுதுபட்டுள்ளது என்பதும் இவ்வாறு தெளிவாயின. 1973, 1974 ஆண்டுகளில் வெளிவந்த இம்முடிவுகள், ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ கண்டறிந்த ஸ்டாட்டின் வகை மருந்துகள் உடலில் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதையும் விளங்கச் செய்தன. அம்மருந்துகள் இன்று கோடிக்கணக்கான மக்களுக்கு மாரடைப்பிலிருந்து பாதுகாப்பளிக்கின்றன.

வார்டில் அக்குழந்தைகளைக் கண்ட மருத்துவருக்கு, கண்டதைச் சொல்லிக் கேள்வியாக உருவாக்கிக்கொள்ள ஒரு நண்பர் இருந்தார் என்பதே இவ்வரலாற்றின் முக்கிய அம்சம்.

சங்கங்களின் பணி

ஓர் இடத்தில் சேர்ந்திருக்கும் வாய்ப்பு இல்லாதவர்களுக்குச் சங்கங்கள் துணை புரிந்தன. அமெரிக்க மருத்துவர் சங்கம் 1885-ல் நிறுவப்பட்டது. அது மூத்தோர் அவையாக விளங்கியமையால், 1908-ல் இளைஞர்கள் சிலர் மருத்துவ ஆராய்ச்சிக்கெனத் தனிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். துருக்கியில் அவ்வாண்டு புரட்சி செய்த இளைஞர் கட்சியின் நினைவாக அவர்களுக்கு ‘இளந் துருக்கியர்’ என்ற விளையாட்டுப் பெயர் வழங்கலாயிற்று. சங்கம் மூத்தோர் கையில் சென்றுவிடாதிருக்க வயது வரம்பும் விதிக்கப்பட்டது. அதிலும் இடம் பெறாத இளையோருக்காக 1940-ல் மூன்றாவது அமைப்பு ஒன்று தோன்றியது.

இம்மூன்று அமைப்புகளும் பல ஆண்டுகள் இளவேனிற் காலத்தில் அட்லாண்டிக் சிட்டி என்னும் கடற்கரை நகரில் ஒருங்கே கூடின. கடலோரமாக நீண்டு செல்லும் மரப்பலகை நடைபாதையில் பேராசிரியர்களும் பயிற்சி பெறுவோரும் உலவியபடியே உரையாடினர். எந்தச் சோதனைச் சாலையில் இடம் காலியாக உள்ளது, எந்த ஆராய்ச்சி பலிக்கவில்லை என்பன போன்ற செய்திகள் மண்டபத்தைவிட நடைபாதையிலேயே அதிகம் பரிமாறப்பட்டன.

மருத்துவர்களுக்கான கட்டாய சேவை 1973-ல் முடிவுற்றதும் பெதஸ்டாவை நோக்கிய பெருக்கு தணிந்தது. 1979-ல் ஜேம்ஸ் வின்கார்டன் என்ற மருத்துவப் பேராசிரியர், ஆராய்ச்சி செய்யும் மருத்துவர் அழிந்து வரும் இனமாகிவிட்டார் என்று எச்சரித்துக் கட்டுரை எழுதினார். பின்னர் அவரே தேசிய சுகாதார ஸ்தாபனத்தின் தலைவரானார். 2003-ல் பயிற்சியில் இருந்த மாணவர்களே முன்னின்று அமெரிக்க மருத்துவ விஞ்ஞானிகள் சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கினர். முற்கூறிய இரு பழைய சங்கங்களுடன் இணைந்து ஆண்டுதோறும் இது மாநாடு நடத்துகிறது. ஒரு கல்லூரியில் நால்வராகவோ ஐவராகவோ இருக்கும் மாணவர்கள், அம்மாநாட்டில் தம்மைப் போன்ற நூற்றுக்கணக்கானவர்களைக் காண்கின்றனர்.

தோழமையை அமைக்கும் முறைகள்

கல்வி நிலையங்கள் தத்தம் அளவில் கையாளும் முறைகளும் அறியத்தக்கவை. அவற்றுள் முக்கியமானவை வருமாறு:

முதலாவது, புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாணவருக்கும் மேல் வகுப்பிலுள்ள ஒருவரைத் துணையாக நியமித்தல். பேராசிரியரிடம் கேட்கத் தயங்கும் கேள்விகளை, இரண்டு ஆண்டு மூத்தவரிடம் தயக்கமின்றிக் கேட்கலாம்.

இரண்டாவது, எல்லா நிலையிலும் உள்ள மாணவர்கள் குறிப்பிட்ட நாளில் ஒன்றாக உணவருந்திக் கலந்துரையாடும் மாதக் கூட்டம். இதில் ஒருவர் தம் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுகிறார். முடிந்த வெற்றிகளைக் காட்டிலும் முடிவுறாத சோதனைகளைப் பற்றிப் பேசுவதே அதிகப் பயன் தருகிறது.

மூன்றாவது, ஆராய்ச்சி ஆண்டுகளிலும் மருத்துவத் தொடர்பு அறாதிருக்கும்படி, குறித்த கால இடைவெளியில் புறநோயாளிப் பிரிவில் ஒரு மருத்துவருடன் பணியாற்றச் செய்தல். இதனால் கையும் காதும் பழக்கம் விடாதிருப்பதோடு, வார்டிலுள்ளோரும் அம்மாணவரை மறவாதிருக்கின்றனர்.

நான்காவது, வார்டுக்குத் திரும்பும் முன் சில வாரங்கள் அளிக்கப்படும் மறுபயிற்சி. அண்மையில் அவ்வெல்லையைக் கடந்தவர்களே இதில் துணை ஆசிரியர்களாக இருப்பது சிறப்பு.

ஐந்தாவது, ஆண்டுக்கொரு முறை நகரத்தை விட்டு அகன்று ஓரிரு நாட்கள் தங்கி நடத்தும் முகாம். பல நிலையங்களில் குடும்பத்தினரும் இதற்கு அழைக்கப்படுகின்றனர். நீண்ட பயிற்சியின் பாரத்தைச் சுமப்பவர்களில் அவர்களும் அடங்குவர் அன்றோ?

இவை அனைத்திற்கும் ஆகும் செலவு சொற்பம். ஆனால் இவற்றை நடத்தும் பொறுப்பு குறிப்பிட்ட ஒருவரிடம் ஒப்படைக்கப்படாவிட்டால், ஓரிரு ஆண்டுகளில் வழக்கொழிந்து போகும். மாணவர்கள் பட்டம் பெற்றுச் சென்றுவிடுவர். கூட்டத்தை நினைவிற்கொண்டு கூட்டுபவர் நிலையாக ஒருவர் இருத்தல் வேண்டும்.

கவனிக்க வேண்டிய குறை

தோழமைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. உள்ளே இருப்பவர்களுக்கு அரவணைப்பாகத் தோன்றும் வட்டம், வெளியே நிற்பவர்களுக்கு மதிலாகத் தோன்றக்கூடும். பெதஸ்டாவின் பொற்காலத்தில் அங்கு கூடியவர்களுள் பெண்கள் மிகச் சிலரே. கட்டாய சேவை ஆண்களுக்கு மட்டுமே உரியதாயிருந்தது ஒரு காரணம். மருத்துவக் கல்லூரிகளிலேயே அப்போது பெண்கள் குறைவாக இருந்தது மற்றொரு காரணம். பழைய சங்கங்களிலும் நிலைமை இதுவே. நடைபாதையில் உலவும்போது பேசி முடிக்கப்படும் பதவிகள், அங்கு உலவ அழைக்கப்படாதவர்களுக்கு எட்டுவதில்லை. எனவே எவர் வந்திருக்கிறார் என்பதோடு, எவர் வரவில்லை என்பதையும் கூட்டத்தை நடத்துவோர் கணக்கெடுத்தல் அவசியமாகிறது.

நம் நாட்டிற்கு இதன் பொருத்தம்

இந்தியாவில் மருத்துவ ஆராய்ச்சிக்கு 1911-ல் ஏற்பட்ட நிதிச் சங்கம், 1949-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் என்ற பெயரைப் பெற்றது. மருத்துவ மாணவர்கள் கல்லூரிக் காலத்திலேயே ஓர் ஆசிரியரின் கீழ் இரண்டு மாதங்கள் ஆராய்ச்சி செய்து பழகுவதற்கான உதவித் தொகைத் திட்டத்தை 1979-ல் இக்கவுன்சில் தொடங்கியது. இத்தகைய திட்டத்தின் வாயிலாக ஆராய்ச்சியைச் சுவைத்த மாணவர், இரண்டு மாதம் முடிந்தபின் அதைப் பற்றிப் பேச எவருமின்றித் தம் கல்லூரிக்குத் திரும்பினால், அந்த ஆர்வம் நாளடைவில் மங்கிவிடும். ஒரு கல்லூரியில் அத்தகையோர் மூவர் இருந்தால், அம்மூவரையும் மாதம் ஒரு முறை ஒரே அறையில் கூட்டுவதற்குப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை.

ஆராய்ச்சிச் சமூகம் பட்டம் பெற்றவர்களோடு முடிவதில்லை என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1956-ல் சென்னையில் அமைந்த க்ஷயரோக இரசாயனச் சிகிச்சை நிலையம், வீட்டிலேயே தங்கி மருந்து உண்ணும் நோயாளிகளையும் சானடோரியத்தில் தங்கிச் சிகிச்சை பெறுவோரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தது. வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய அதே பலனை அளிக்கிறது என்றும், அதனால் குடும்பத்தினருக்கு நோய் தொற்றும் அபாயம் மிகுவதில்லை என்றும் 1959 முதல் வெளியான முடிவுகள் காட்டின. உலகெங்கும் க்ஷயரோகச் சிகிச்சை முறையை மாற்றியமைத்த அம்முடிவுகளுக்கு, வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கண்டு, மருந்து ஒழுங்காக உண்ணப்படுகிறதா என்று பார்த்து வந்த சுகாதாரப் பணியாளர்களின் உழைப்பும் அடிப்படையாயிருந்தது.

ஆகவே களப் பணியாளர் தம் வட்டாரத்தில் வழக்கத்திற்கு மாறான ஒன்றைக் காணும்போது, அதைக் குறித்து வைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரிடம் எடுத்துரைப்பது சிறந்த பணியாகும். மருத்துவரும் அதைச் செவிமடுத்து, பின்னர் என்ன ஆயிற்று என்பதைப் பணியாளருக்குத் தெரிவித்தல் வேண்டும். பதில் பெறாத செய்தியாளர் மறுமுறை செய்தி சொல்ல முன்வருவதில்லை. ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. தனித்துக் கேள்வி கேட்கும் மாணவனுக்கு விடை கூறுவதோடு நிற்காமல், அதே வகைக் கேள்விகளைக் கேட்கும் மற்றொரு மாணவனையோ மாணவியையோ அவனுக்கு அறிமுகம் செய்து வைத்தல் நலம். பாஸ்டன் ஆஸ்பத்திரியில் இரு இளைஞர்கள் சந்தித்தது தற்செயலாக நேர்ந்தது. நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் அத்தகைய சந்திப்புகளைத் தற்செயலுக்கு விட்டுவிடாமல் ஆசிரியர்களே ஏற்படுத்தித் தரலாம்.